குலசிங்கம் அண்ணை ஆட்டம் பார்க்க வந்த நாள்

ஐஸ் ஹொக்கியில் கோல் காப்பவனுக்கு ஞாபகசக்தி இருக்கவே கூடாது என்று எங்கள் அணித்தலைவன் டக் சொல்லுவான். கனடாக்காரன். ஆக்லாந்தில் வீடுகளுக்குக் கூரை போடுபவன். உள்ளே போன கோல் உன்னுடையது இல்லை, அதை நடுவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அடுத்ததைப் பார் என்பான். சொல்வது சுலபம். நான் யாழ்ப்பாணத்தவன். எழுபத்துநாலாம் ஆண்டு ஒரு கல்யாண வீட்டில் தங்களைக் கடைசிப் பந்தியில் இருத்தினார்கள் என்பதை ஆக்லாந்து வரை சுமந்துகொண்டு வந்து, இங்கேயும் அந்தக் குடும்பத்தோடு கதைக்காமல் இருக்கிற சனம் நாங்கள். எங்களைப் பிடித்து மற என்றால் எப்படி மறப்பது?

நான் இதற்குள் வந்து விழுந்ததே தற்செயல்தான். நான் வேலை செய்த கூரைத்தகட்டுக் கம்பனிக்கு டக் தகடு வாங்க வருவான். ஒருநாள் மேல்தட்டிலிருந்து சரிந்து விழுந்த ஆணிப்பெட்டியை நான் கதைத்துக்கொண்டே ஒரு கையால் பிடித்துவிட்டேன். இதை எங்கே பழகினாய் என்று கேட்டான். பள்ளிக்கூடத்தில் விக்கெட் காப்பாளன் என்றேன். அவர்களுடைய கோல் காப்பாளன் அப்போதுதான் சிட்னிக்குக் குடிபோயிருந்தான். அந்த இடத்தில் நிற்க வேறு ஒருவனும் சம்மதிக்கவில்லை. புத்தியுள்ளவர்கள். உறைந்து கல்லாகிப்போன ஒரு கறுப்பு ரப்பர் வட்டு முகத்துக்கு நேரே பறந்து வந்தால் மனிதனாய்ப் பிறந்தவன் விலகுவான். விலகாமல் அதற்குக் குறுக்கே போய் நிற்க ஒரு விசரன் வேண்டியிருந்தது. முப்பத்துமூன்று வயதில், சறுக்கவே தெரியாமல், நான் போய் நின்றேன்.

என் மனைவி சோபனாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஐஸைக் கண்டா எங்கடை சனம் சர்பத்துக்குள்ளை போடும். நீங்கள் அதிலை விழுந்து பிரளுறியள்" என்பாள். ஒரே ஒரு தடவை பார்க்க வந்தாள். வட்டு ஒன்று என் முகமூடியில் மோதிய சத்தத்தோடு எழுந்துபோய்க் காருக்குள் இருந்துவிட்டாள். அதற்குப் பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. உண்மையைச் சொன்னால் ஒருவரும் வராமல் இருந்ததுதான் எனக்கு வசதியாக இருந்தது.

அது தொண்ணூற்றாறாம் ஆண்டு. அம்மாவும் அக்கா இராசமலரும் அதற்கு முந்தின ஐப்பசியில் முழு யாழ்ப்பாணத்தோடும் சேர்ந்து வீட்டைவிட்டு நடந்தவர்கள். பிறகு கிளிநொச்சியில் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். ஆடி மாதம் சண்டை அங்கேயும் போனது. அதற்குப் பிறகு எங்கே இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அங்கே தொலைபேசி இல்லை. கடிதம் வந்தாலும் அது எழுதியபோது இருந்த நிலைமையைத்தான் சொல்லும். வேலையில், காரில், குளிக்கும்போது, சோறு வாயில் இருக்கும்போது, எந்நேரமும் எனக்கு அதே யோசனைதான். கோலுக்கு முன்னால் நின்ற நேரத்தில் மட்டும் இல்லை. அங்கே யோசித்தால் பல்லுப் போய்விடும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகத்தான் நான் கிழமை முழுவதும் சீவித்தேன் என்று சொன்னாலும் பிழையில்லை.

டக் எனக்கு இரண்டு விஷயம் பழக்கினான். ஒன்று, கோல் விழுந்ததும் உடனே எதையாவது செய். தண்ணீர் குடி, கம்பத்தில் மட்டையால் தட்டு, யாரையாவது திட்டு. நான் வட்டைத் திட்டினேன், ஊர்த் தூஷணத்தில். அதை விளங்கிக்கொள்ள அங்கே ஒருவருமில்லாதபடியால் நல்ல சுதந்திரமாகத் திட்டினேன். மற்றது, அடிக்க வருபவனின் கண்ணைப் பார்க்காதே. கண் பொய் சொல்லும், தோளும் பொய் சொல்லும், இடுப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது. இது எனக்கு நன்றாகப் பிடிபட்டது. பிறகு ஆட்டத்துக்கு வெளியேயும் அந்தப் பழக்கம் விடவில்லை. ஒருவர் கதைக்கத் தொடங்கமுன்னமே கடன் கேட்கப் போகிறாரா, கோள் சொல்லப் போகிறாரா என்று எனக்கு விளங்கிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

இனிக் குலசிங்கம் அண்ணையைப் பற்றிச் சொல்லவேண்டும். நல்ல மனிதர். கையில் இருப்பதைக் கழற்றிக் கொடுக்கிற மனிதர். ஆனால் அவர் வாசலில் வந்து நின்றால் பெண்கள் வாயைப் பொத்துவார்கள். ஆக்லாந்தில் எங்கள் ஆட்களில் முதன்முதல் வீடும் தொலைபேசியும் எடுத்தவர் அவர். அதனால் கொழும்பிலும் லண்டனிலும் எல்லோரிடமும் அவருடைய நம்பர்தான் இருந்தது. செத்தவீட்டுச் செய்தி முதலில் அவருக்கு வரும். எங்கள் ஆட்கள் அதைச் சம்பந்தப்பட்டவருக்கு நேரே சொல்லமாட்டார்கள். ஃபோனில் சொல்லவே மாட்டார்கள். குலசிங்கம் அண்ணை நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு வருவார். அவருடைய மனைவி கல்யாணி அக்கா சாப்பாட்டோடு வருவா, அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால். நீலநிறத்தில் ஒரு பெரிய ஐஸ்பெட்டி. அதற்குள் சோறும் பருப்பும் ஏதாவது ஒரு மரக்கறியும் இருக்கும். வந்தவர்கள் உடனே சொல்லமாட்டார்கள். காலநிலையைப் பற்றிக் கதைப்பார்கள். சாப்பிட்டாச்சோ என்பார்கள். அதற்குள் கேட்கிறவருக்குப் பாதி உயிர் போய்விடும். இப்படிச் சொல்வதுதான் இரக்கம் என்று முழுச் சனமும் நம்பியது. எனக்கு அதில் ஆத்திரம். ஆனால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இரண்டு வீடுகளுக்குப் போயிருக்கிறேன். போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல், அவொண்டேல் பக்கத்துத் தகரக் கொட்டகைப் பனித்தளத்தில் எங்களுக்கு அரையிறுதி ஆட்டம். பெரிய ஆட்டம் ஒன்றுமில்லை. கூரை போடுபவன், குழாய் பூட்டுபவன், வங்கிக்காரன் என்று தொப்பை வைத்தவர்கள் ஆடுகிற லீக். ஆனாலும் அரையிறுதி அரையிறுதிதான். முதல் பகுதியில் நாங்கள் ஒரு கோல் போட்டோம், அவர்களும் ஒன்று போட்டார்கள். நான் வட்டின் பரம்பரையையே திட்டிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். மறந்துவிட்டது. இரண்டாம் பகுதியில் டக் இன்னொன்று போட்டான். வட்டு எதிர்ப்பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

கோல் காப்பவனுக்கு ஆபத்து வட்டு கிட்ட வரும்போது இல்லை. அது தூரத்தில் இருக்கும்போதுதான். செய்ய ஒன்றுமிருக்காது, மனம் கயிறு அறுத்துக்கொண்டு போகும். என் மனமும் போனது. தலையைத் திருப்பிக் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மரவாங்குகளைப் பார்த்தேன். வழக்கமாக அங்கே இரண்டு மூன்று காதலிமார் போர்வைக்குள் இருந்து சிப்ஸ் சாப்பிடுவார்கள். அன்று அவர்களுக்குப் பின்னால் எங்கள் சனம் இருந்தது.

குலசிங்கம் அண்ணை தன் மண்ணிறத் தோல் ஜாக்கெட்டோடு நடுவில் இருந்தார். பக்கத்தில், செத்தவீட்டுச் செய்திக்கு எப்போதும் அவரோடு கூடப்போகிற மகேசன். பின்வரிசையில் கோயில் கமிட்டியைச் சேர்ந்த இரண்டு பேர். முன்வரிசையில் கல்யாணி அக்கா. அவவின் காலடியில் அந்த நீல ஐஸ்பெட்டி. அவவுக்கும் ஐஸ்பெட்டிக்கும் பக்கத்தில், அந்த ஒரு நாளுக்குப் பிறகு இந்தக் கொட்டகைப் பக்கமே வராத என் சோபனா.

எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. எங்கள் சனம் கூட்டமாக வெளிக்கிட்டு, குளிருக்குள் வந்து, ஒரு வார்த்தை கதைக்காமல் இருக்கிறது என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அம்மாவா, அக்காவா என்பது மட்டும்தான் பாக்கி.

அந்த நேரம் பார்த்து வட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. சிவப்புச் சட்டைக்காரன் ஒருவன் பனியில் கீறியிருந்த நீலக் கோட்டைத் தாண்டி வந்து சும்மா தட்டினான். சின்னப் பிள்ளை பிடிக்கக்கூடிய அடி. என் காலுக்கு நடுவால் உள்ளே போனது. இரண்டுக்கு இரண்டு.

டக் சறுக்கி வந்து மட்டையால் என் முழங்காலில் தட்டினான். போனது போனது, மற என்றான். நான் தண்ணீர்ப் போத்தலை எடுத்தேன். வட்டைத் திட்ட வாய் திறந்தேன், ஒரு சொல்லும் வரவில்லை. வாங்குப் பக்கம் பார்த்தேன். சோபனா எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டினாள். எனக்குக் கோல் விழுந்ததற்கு அவள் கைதட்டினாள்! அவளுக்கு ஆட்டம் தெரியாது, அது வேறு. ஆனால் அவள் சிரித்துக்கொண்டும் இருந்தாள். பல்லெல்லாம் தெரிய, கல்யாணி அக்காவின் தோளைப் பிடித்து உலுக்கி, என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

என் மனைவிக்கு நடிக்கத் தெரியாது. கடைக்காரன் மிச்சக்காசைக் கூடுதலாகத் தந்தால்கூட முகத்தில் எழுதி ஒட்டினதுபோல் நிற்பாள். அவள் இப்போது நடிக்கிறாள். எனக்காக நடிக்கிறாள். அவள் இடுப்பு வளையவில்லை, முழங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகி இருக்கின்றன, முகம் மட்டும் சிரிக்கிறது. பாவி, எவ்வளவு பாடுபடுகிறாள் என்று நினைத்தேன். அந்த இடத்திலேயே அழுகை வந்தது. முகமூடிக்குள் அழுவது ஒன்றும் பெரிய காரியமில்லை, வியர்வை என்று விட்டுவிடலாம். நான் அழவில்லை. அழுதால் அது நடந்துவிட்டது என்று ஆகிவிடும்.

இரண்டாம் பகுதி முடிந்த மணி அடித்தது. குலசிங்கம் அண்ணை எழுந்து படியிறங்கித் தடுப்புப் பக்கம் வருவதைக் கண்டேன். கையை மெல்ல உயர்த்தி என்னைக் கூப்பிட்டார். நான் காணாதவன்போல் குனிந்து காலிலிருந்த வாரை இறுக்கினேன். பிறகு மற்றவர்களுக்கு நடுவில் புகுந்து உடைமாற்றும் அறைக்குள் போய்விட்டேன். கதவுக்குப் பக்கத்தில் இருந்த வாங்கில் இருக்காமல் மூலையில் போய் இருந்தேன்.

"உன் ஆட்கள் வந்திருக்கிறார்கள்!" என்றான் டக். அவனுக்கு ஒரே சந்தோசம். "முழுக் குடும்பமுமா?"

"ஓம், முழுக் குடும்பமும்" என்றேன் ஆங்கிலத்தில்.

சொல்லியிருந்தால் அந்த மனிதன் அப்போதே ஆட்டத்தை நிறுத்தியிருப்பான். எங்களிடம் வேறு கோல் காப்பாளன் இல்லை, தோற்றதாக எழுதிக்கொடுத்துவிட்டு என்னைக் காரில் ஏற்றியிருப்பான். அவர்களுக்கு இதெல்லாம் நேரான விஷயம். ஒருவர் செத்தால் செத்துவிட்டார் என்று சொல்வார்கள், அழவேண்டியவர் அழுவார். எனக்கு அது வேண்டாம் என்று இருந்தது. எவ்வளவு காலமாக இந்தக் குலசிங்கம் அண்ணையின் சுற்றிவளைப்பைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்! அன்று அந்தச் சுற்றிவளைப்பு இன்னும் கொஞ்சம் நீளவேண்டும் என்று கடவுளைக் கேட்டுக்கொண்டு இருந்தேன். அறைக் கதவுக்கு வெளியே அவருடைய இருமல் கேட்டது. முகமூடியைக் கழற்றாமலே இருந்தேன்.

மூன்றாம் பகுதியில் நான் விளையாடியதைப் பற்றிப் பிறகு அந்த லீக்கில் கனகாலம் கதைத்தார்கள். எனக்கு அதில் பெருமையில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன். கோலுக்கு முன்னால் போய் நின்றதும் முதலில் அக்காவைப் பற்றி யோசித்தேன். அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். அவள் போயிருந்தால் அம்மா அந்தக் கிளிநொச்சிப் பக்கத்துக் காட்டுக்குள் தனிய. அம்மா போயிருந்தால் அக்கா தனிய. இரண்டில் எது பரவாயில்லை என்று என் மனம் தராசு பிடித்தது. எப்படிப்பட்ட மனம் பாருங்கள். அம்மாவுக்கு வயது போய்விட்டது, அம்மாவாக இருந்தால் தாங்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. பெற்ற தாயைத் தராசின் ஒரு தட்டில் வைத்துவிட்டு நிற்கிறேன். அப்போதுதான் முதல் வட்டு வந்தது. கையுறைக்குள் பிடித்தேன்.

பிடித்தபோது ஒரு விஷயம் விளங்கியது. இந்த ஆட்டம் நடக்கும்வரை ஒருவரும் சாகவில்லை. குலசிங்கம் அண்ணையால் கண்ணாடியைத் தாண்டி வரமுடியாது. அவர் அங்கே இருக்கவேண்டும், நான் இங்கே நிற்கவேண்டும், நடுவில் ஆட்டம் ஓடவேண்டும். ஆட்டம் சமநிலையில் இருந்தால் மேலதிக நேரம் தருவார்கள். மேலதிக நேரத்தில் முதல் கோல் விழுகிறவரை ஓடும். ஆகவே கோல் விழக்கூடாது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்குள் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. டக் சொல்லிச் சொல்லிக் களைத்த அந்த மறதி, கடைசியில் இப்படி ஒரு வழியால் எனக்கு வந்து சேர்ந்தது.

அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மார்பில் வாங்கினேன், தோளில் வாங்கினேன், விழுந்து கிடந்து மட்டையின் பிடியால் தட்டினேன். ஒருவன் மிகக் கிட்டத்தில் வைத்து அடித்தது கழுத்துப் பக்கம் பட்டு மூச்சு நின்று வந்தது. காதலிமார் சிப்ஸை விட்டுவிட்டுக் கத்தினார்கள். ஒவ்வொரு தடவையும் வட்டு நின்ற பிறகு நான் வாங்குப் பக்கம் பார்த்தேன். மகேசன் தலையைக் குனிந்தபடி. கமிட்டிக்காரர் இருவரும் கையைக் கட்டியபடி. குலசிங்கம் அண்ணை சுவரில் இருந்த மணிக்கூட்டையே பார்த்தபடி. கல்யாணி அக்கா அந்த ஐஸ்பெட்டியை ஒருதரமும் திறக்கவில்லை. சோபனா மட்டும் கைதட்டினாள். நான் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், சிரித்துக்கொண்டே இருந்தாள்.

மேலதிக நேரம் தொடங்கமுன் டக் என் முகமூடியோடு தன் தலைக்கவசத்தை முட்டி, நீ இன்று வேறு ஆள் என்றான். உனக்கு என்ன நடந்தது என்று கேட்டான். நல்ல கேள்வி.

அந்த மேலதிக நேரத்தின் நடுவில் ஒருவன் தனியாக வந்தான். எங்கள் ஆட்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்துக்கு ஏறிப் போயிருந்தார்கள், இவன் நடுக்கோட்டில் வட்டைப் பறித்துக்கொண்டு என்னை நோக்கி வந்தான். அவனும் நானும்தான். கொஞ்சம் முன்னால் போனேன், இடைவெளியைச் சுருக்க. அப்போது எனக்குள் ஒரு குரல், விட்டுவிடு என்றது. விட்டால் முடிந்துவிடும். போய்க் கேள். இன்றைக்கில்லாவிட்டால் நாளைக்கு அழத்தானே வேண்டும்? இந்தப் பாரத்தைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் விழுந்து அம்மா என்று கத்தினால் எவ்வளவு சுகமாக இருக்கும் என்று இருந்தது.

அவன் இடுப்பு என் இடப்பக்கம் திரும்பியது. என் கால் என்னைக் கேட்காமலே இடப்பக்கம் போனது. வட்டு கால்கவசத்தில் மோதித் தூரப்போய் விழுந்தது. ஐயோ, ஏன் பிடித்தேன் என்று ஒரு கணமும், நல்ல காலம் பிடித்தேன் என்று அடுத்த கணமும் நினைத்தேன்.

அந்த வட்டைத்தான் எங்களில் ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடினான். நான் எழும்பி நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் எல்லோரும் எதிர்ப்பக்கத்தில் சின்னச் சின்ன உருவங்களாக நின்றார்கள். என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. பிறகு எங்கள் ஆட்களின் மட்டைகள் மேலே எழும்பின. டக் கையுறைகளை வீசி எறிந்தான்.

அதை நான் யோசித்திருக்கவே இல்லை. இந்தப் பக்கம் ஒன்றும் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்களும் கோல் போடுவார்கள் என்பது மறந்தே போய்விட்டது.

முழு அணியும் சறுக்கி வந்து என் மேல் விழுந்தது. தொப்பைக்காரர் எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர். நான் அடியில் கிடந்தேன். ஒருவன் என் முகமூடிக் கம்பியில் முத்தம் கொடுத்தான். அந்தக் குவியலின் இடுக்கால் பார்த்தபோது வாங்கில் இருந்த எங்கள் சனம் ஒவ்வொருவராக எழுந்து நிற்பது தெரிந்தது.

பனித்தளத்தைவிட்டு வெளியே வருகிற வழியில் ரப்பர் விரிப்புப் போட்ட ஒரு ஒடுக்கமான நடை உண்டு. மற்றவர்கள் பாடிக்கொண்டு முன்னால் போனார்கள். குலசிங்கம் அண்ணை அங்கே நின்றார், தனியாக. மற்றவர்களைச் சோபனாவோடு மேலே நிறுத்திவிட்டு வந்திருந்தார். என் கையைப் பிடித்தார். கையுறையோடுதான் பிடித்தார்.

"தம்பி யசி, நல்லா விளையாடினீர்" என்றார். "சரியான குளிர் என்ன, இதுக்குள்ளை."

"அண்ணை, சொல்லுங்கோ" என்றேன்.

"தேத்தண்ணி கொஞ்சம் குடிச்சிட்டு..."

"அண்ணை!" கத்திவிட்டேன். "அம்மாவோ? அக்காவோ? இப்ப சொல்லுங்கோ."

அவர் என்னை விளங்காமல் பார்த்தார். பிறகு விளங்கியது. அவசரமாக இரண்டு கையையும் ஆட்டினார்.

"இல்லை இல்லை. அவைக்கு ஒண்டுமில்லை. அவையைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. இது சோபனாவின்ரை தம்பி. சுலக்ஷன்."

சுலக்ஷன் கொழும்பில் இருந்தான். இருபத்திரண்டு வயது. அந்த ஒருவனைப் பற்றி மட்டும் நாங்கள் பயப்படவில்லை. அவனுக்கு நியூசிலாந்து விசா கிடைத்துவிட்டது. ஐப்பசியில் வருவதாக இருந்தான். அவனுக்காக எங்கள் வீட்டுப் பின்னறைக்குச் சோபனா போன சனிக்கிழமைதான் திரைச்சீலை தைத்துப் போட்டிருந்தாள்.

"காலி வீதியைக் குறுக்கை கடக்கேக்கை பஸ் அடிச்சுப்போட்டுதாம்" என்றார் குலசிங்கம் அண்ணை. "சண்டையும் இல்லை, ஒண்டும் இல்லை. வெறும் பஸ். காலமை எனக்கு ஃபோன் வந்தது. பிள்ளைக்கு நேரை சொல்லாதேங்கோ, மருமோன் மூலமாச் சொல்லுங்கோ எண்டு தாய் சொன்னவவாம். உம்மடை வீட்டை போனால் நீர் இல்லை. நான் ரோட்டிலை நிப்பாட்டின வானுக்குள்ளையே இருந்திட்டன். பிள்ளை தனிய, அங்கை ஃபோன் அடிச்சால் எடுத்திடும். அதுதான் கல்யாணி போய், உன்ரை மனுசன்ரை மாட்ச் பாப்பம் வா எண்டு கூட்டிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஒண்டும் தெரியாது. நீர்தான் சொல்லவேணும்."

நான் அதையெல்லாம் கேட்டேன். ஆனால் அவர் இல்லை இல்லை என்று கையை ஆட்டியபோதே எனக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கிவிட்டது. அம்மா இருக்கிறா. அக்கா இருக்கிறாள். அந்த நிம்மதி கால்வரை ஓடியது. சுவரில் சாய்ந்து மூச்சுவிட்டேன், சிரிப்புக்கூட வந்திருக்கவேண்டும், குலசிங்கம் அண்ணை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் தூக்கி வளர்த்த பையன் இல்லைத்தான், ஆனாலும் அவன் என்னை அத்தான் அத்தான் என்று எழுதுகிறவன். அவன் செத்த செய்தியைக் கேட்டுக்கொண்டு நான் ஆறுதலாக மூச்சுவிட்டேன்.

படியில் காலடி கேட்டது. சோபனா மற்றவர்களை விலக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். கல்யாணி அக்கா பின்னால் நின்று, பிள்ளை, நில்லும் நில்லும் என்றா. அவள் நிற்கவில்லை. நேரே என்னிடம் வந்தாள். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இப்போது இல்லை. குலசிங்கம் அண்ணையை ஒருதரம் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், என் கையுறை இரண்டையும் தானே கழற்றிக் கீழே போட்டாள். நனைந்து விறைத்துப்போன என் விரல்களைத் தன் கைகளுக்குள் பொத்திப் பிடித்தாள்.

"சொல்லிப்போட்டினமோ?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"கல்யாணி அக்கா வாசலிலை வந்து மாட்ச் பாக்கப் போவம் எண்டு சொல்லேக்கையே எனக்கு விளங்கீட்டுது. அண்ணை வானுக்குள்ளை ஒளிச்சிருந்தவர். நான் கண்டனான். கேக்கேல்லை. கேட்டா அழுதிடுவன், நீங்கள் அங்கை நிண்டு என்னைப் பாப்பியள், உங்களுக்கு ஏதும் பட்டிடும் எண்டு பயம். அதுதான் சிரிச்சுக்கொண்டு இருந்தனான்." என் முகமூடியை மேலே தள்ளிவிட்டாள். "நீங்கள் அழுங்கோ. ஒருத்தரையும் பாக்காதேங்கோ. நான் இருக்கிறன்."

அவள் நடித்தது சரி. எனக்காக நடித்ததும் சரி. நான் பார்த்த எதுவும் பிழையில்லை.

"ஆர்?" என்றாள் மெதுவாக. "மாமியோ?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"மச்சாளோ?"

இல்லை.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். தோள் தளர்ந்தது. சற்று முன்பு என் கால்வரை ஓடிய அதே நிம்மதி அவள் முகத்தில் வந்து நிறைவதைப் பார்த்தேன். எனக்காக வந்த நிம்மதி அது. "அப்பாடா, முருகா" என்றாள். என் விரல்களை இறுக்கி ஒரு குலுக்குக் குலுக்கினாள். கண்ணில் தண்ணீர் முட்ட, இப்போது உண்மையாகவே சிரித்தாள்.

"அப்ப ஏன் இவை எல்லாரும் வந்தவை?" என்று கேட்டாள்.

குலசிங்கம் அண்ணை முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் என் கையை விடவில்லை. நான் அவளுடைய தம்பியின் பெயரைச் சொன்னேன்.